பழைய காருக்குப் பாட்டு

கேள்வி: என் பழைய மாருதி 800-க்குப் புதுப்பேட்டையில் செகண்ட்ஹேண்ட் ஸ்டீரியோ வாங்கிப் போடலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: தாராளமாக. கதவுகளும் சைலன்சரும் ஏற்கெனவே கச்சேரி நடத்திக்கொண்டுதான் இருக்கும். பக்கவாத்தியமாக ஸ்டீரியோவும் சேரட்டுமே!

'சிங்கிள் டின்' செட்டாகக் கேளுங்கள். முகப்பு 180-க்கு 50 மில்லிமீட்டர். உலகம் முழுக்க ஒரே அளவு, எந்தக் கம்பெனியும் பொருந்தும்.

ஏமாறுவது ஸ்பீக்கரில்தான். ஸ்டிக்கரில் இருக்கும் '500 வாட்' எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் போடும் பட்டம் மாதிரி. கூம்பை நாலு விரலால் மெல்ல அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் உள்ளே காயில் காலி. சுற்றியிருக்கும் ஃபோம் விரலில் பொடியாக ஒட்டினாலும் வேண்டாம். பையில் ஒரு பென்சில் பேட்டரியும் ரெண்டு வயரும் கொண்டுபோங்கள். தொட்ட நொடியில் 'டப்' என்று சொல்ல வேண்டும்; அது பேசாவிட்டால், கடைக்காரர் பேசுவதை நம்பாதீர்கள்.

செட்டைப் பொருத்தும்போது, அதன் மஞ்சள் வயர் ஃபியூஸ் வழியாக நேரே கார் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு. இரண்டையும் சாவியோடு முறுக்கினால், வண்டியை அணைத்ததும் செட்டுக்கு ஞாபகமறதி. இரண்டையும் பேட்டரியில் கொடுத்துவிட்டு ராத்திரி செட்டை அணைக்க மறந்தால், காலையில் தள்ள ஆள் வேண்டும். அடியேன் தள்ளியிருக்கிறேன், லுங்கியோடு.

கடையிலேயே கரண்ட் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். செட் 'கோட்' கேட்டால் வாங்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் பழைய முதலாளிதான், நானல்ல.