முறுக்கிப் பார்ப்பவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மேல்வீட்டுக்காரரின் மருமகன் என் வண்டியின் ஆக்சிலேட்டரை முறுக்கினார். எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லி அவரைக் கீழே அனுப்பியிருக்கிறார்கள். சுவிட்ச் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. போகிற வழியில் என் வண்டி நின்றது. அவ்வளவுதான், வேறு முன்விரோதம் எதுவும் கிடையாது.

நல்ல பையன். "வணக்கமுங்க" என்றார், முறுக்கினார், "பழைய வண்டிங்களா?" என்று விசாரித்தார், மோட்டாரைப் போட்டார், மேலே போய்விட்டார். கோயம்புத்தூரில் இது ஒரு தொல்லை. நம் பிழைப்பைக் கெடுப்பவர்கூட மரியாதையாகத்தான் கெடுப்பார். திருப்பித் திட்ட வாயைத் திறந்தால், வருவதென்னவோ "பரவால்லீங்க".

அவர் முறுக்கியபோது நான் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இடது கார்பரேட்டரின் உச்சியில் இருக்கும் கேபிள் அட்ஜஸ்டரின் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை இரண்டு விரலால் பிடித்திருந்தேன். அவர் முறுக்கிவிட்டதில் கேபிளின் மேலுறை குழியிலிருந்து எகிறி விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கார்பரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு மேலே போனது, கீழே வரவில்லை. 347 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் சுமையே இல்லாமல் அலறினால் எப்படி இருக்கும் என்பது இப்போது எங்கள் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். நான் பாய்ந்து சாவியை அணைப்பதற்குள் புகை கோலத்தைத் தாண்டி எதிர்வீட்டு வரவேற்பறைக்குள் போயிருந்தது.

வண்டி ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. முப்பதரைக் குதிரைசக்தி, ஆறு கியர். அதே 350 சிசியில் புல்லட் தந்தது இதில் முக்கால் பங்குகூட இல்லை. உடனே நம் ஆட்கள் கேட்ட கேள்வி, மைலேஜ் எவ்வளவு? கேட்டுக் கேட்டே கம்பெனிக்காரர்களை மிரட்டி, சக்தியை 27 குதிரைக்குக் குறைத்து இன்னொரு ரகத்தைப் போடவைத்தார்கள். குதிரை குறைந்தது. மைலேஜ் கேட்டவர்கள் அதையும் வாங்கவில்லை. இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நின்றால் யாராவது கேட்கிறார்கள். இருபத்தைந்துக்குக் கீழே என்று சொன்னால், துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு நகர்கிறார்கள்.

இந்த வண்டியில் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர். ஜாவாவில் வந்த இரட்டைச் சிலிண்டர் வண்டிபோல ஒரே கார்பரேட்டர் இரண்டுக்கும் ஊட்டுகிற ஏற்பாடு இல்லை. காந்திபுரத்தில் எனக்கு ஒரு பழைய மெக்கானிக் இருந்தார். "ஏனுங்க, இது ரெண்டு தனித்தனி இன்ஜினுங்க. செயின் மட்டும் ஒண்ணு" என்பார். சரிதான். கிராங்க் அறை தனி, காண்டாக்ட் பாயிண்ட் தனி, சைலன்ஸர் தனி. பொதுவாக இருப்பது ஒரே ஆக்சிலேட்டர் கேபிள். அதுவும் டேங்குக்கு அடியில் போய் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கார்பரேட்டர்களுக்கு, மூன்றாவது ஆயில் பம்புக்கு. இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் ஒரே அளவு எழும்ப வேண்டும். ஒன்று முந்தினால் அந்தச் சிலிண்டர் இழுக்கும், மற்றது சும்மா கூட ஓடும். வண்டி உதறும், சிக்னலில் ஒரு பக்கம் மட்டும் மூச்சுவிடும், பிளக் கரி பிடிக்கும்.

இதைச் சொன்னதும் ஒருவர் பாக்கியில்லாமல் "புருஷன் பெண்டாட்டி மாதிரி" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புருஷன் பெண்டாட்டிக்கு லாக் நட் கிடையாது.

இரண்டையும் ஒன்று சேர்ப்பதில் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. எந்த மேனுவலிலும் நான் பார்க்காதது, காந்திபுரத்துக்காரர் காட்டிக்கொடுத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தக் கை விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

காருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஆக்சிலேட்டரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிடலாம். மோட்டார் சைக்கிளில் அது வெளியே, ரோட்டுப் பக்கமாக, சரியாக நடந்து போகிறவனின் கை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டிப் போக யாராலும் முடிவதில்லை. கூரியர் தம்பி கையெழுத்துக்கு என்னிடம் போனை நீட்டுவது இடது கையால். வலது கை வண்டியில். சிலிண்டர் போட வருகிறவர் தோளில் சிலிண்டர் இருந்தாலும் ஒரு கையை விடுவித்துக்கொள்கிறார். கல்யாண மண்டப வாசலில் யாருடையதென்றே தெரியாத வண்டியில் சாய்ந்து நின்று, சென்ட் என்ன விலை என்று பேசியபடி மூன்று பெரிய மனிதர்கள் முறைவைத்து முறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். சாவி இல்லை. இன்ஜின் ஓடவில்லை. எதுவும் நடக்கப்போவதில்லை. ஆனாலும் முறுக்குகிறார்கள்.

முறுக்கினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். முறுக்கிய பிறகு ஒரு தலையசைப்பு வருகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "ம்ம்" என்று ஒரு சத்தம், உதடு கொஞ்சம் பிதுங்குகிறது, தலை மேலும் கீழும் போகிறது. என்ன தெரிந்துகொண்டார்? அணைந்திருக்கிற வண்டியின் ஆக்சிலேட்டரில் தெரிந்துகொள்ள இருப்பது ஒன்றுதான்: உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டதற்கா இவ்வளவு திருப்தி? டாக்டர் நாடி பிடித்துவிட்டு இப்படித் தலையாட்டினால் நாம் பயப்படுவோம். இவர்கள் ஆட்டிவிட்டு, "கண்டிசனா வெச்சிருக்கீங்க" என்கிறார்கள். அடுத்த நாள் வேறொருவர் அதே ஸ்பிரிங்கை முறுக்கி, அதேபோலத் தலையாட்டி, "கொஞ்சம் வேலை இருக்குதுங்" என்கிறார்.

அப்புறம் குழந்தைகள். குழந்தைகளைச் சொல்லி என்ன, கூட்டிவருகிற அப்பன்களைச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்காமலே டேங்க் மேல் குழந்தையை உட்காரவைக்கிறார்கள். குழந்தை பாவம், ஹாரன் பக்கம் கையை நீட்டுகிறது. அப்பன் அந்தக் கையை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்து, தானே முறுக்கி, வாயால் "ட்ர்ர்ர்ர்" என்கிறார். குழந்தை வண்டியைப் பார்க்கவில்லை. அப்பனுடைய எச்சிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. இப்படித்தான் இந்தப் பழக்கம் தலைமுறை விட்டுத் தலைமுறை இறங்குகிறது. என் மைத்துனர் வங்கியில் கடன் கொடுக்கும் இடத்தில் இருக்கிறார். ஒரு ரூபாய்க்கு மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்பவர். அவரும் வாயால் "ட்ர்ர்ர்" என்கிறார். ஐம்பத்தெட்டு வயது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, ஒளிக்க மாட்டேன். அதில் சத்தம் இல்லை. ஆன் செய்து நிற்கிறதா, அணைந்து நிற்கிறதா என்று பார்த்ததும் தெரியாது. பக்கத்து வீட்டுக்கு ஒன்று வாங்கினார்கள். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரு மாமா வாழ்த்துச் சொல்ல நெருங்கினார். கை போனது. ஸ்கூட்டர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, மாமாவையும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. நான் ஓடிப்போய் மாமாவைத் தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். மாமா இப்போதும் முறுக்குகிறார். என் வண்டியை முறுக்குகிறார். அது ஓடாது என்று ஒரு நம்பிக்கை.

சரி, கார்பரேட்டர். முதலில் பாயிண்ட் இடைவெளியும் டைமிங்கும் சரியாக இருக்க வேண்டும். அது சரியில்லாமல் கார்பரேட்டரில் கை வைப்பது வீண் வேலை. பிறகு கார்பரேட்டரை சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே காற்று புகுந்தால் அந்தப் பக்கத்துக் கலவையில் பெட்ரோல் குறைந்துபோய், ஒருநாள் வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அடுத்தது ஏர் ஸ்க்ரூ. இரண்டையும் அடிவரை மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பிக்கலாம். ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றினால் ஸ்லைடு கண்ணில் படும். ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் செருகி, ஆக்சிலேட்டரைத் துளித்துளியாகத் திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தளர்ந்தால் சரி. ஒன்று முன்னால் விழுந்தால் எதிர்ப்பக்கத்து அட்ஜஸ்டர். இங்கே ஆக்சிலேட்டரை முறுக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊர் முழுக்க முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்; துளித்துளியாக முறுக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. என் மனைவியைக் கூப்பிட்டேன். "மெதுவா" என்றேன். "இதுக்கு மேல மெதுவான்னா நாளைக்கு வாங்க" என்றாள்.

இதற்குப் பிறகுதான் இன்ஜினை ஓடவிட்டு ஐட்லிங் பார்ப்பது. வண்டியைச் சிங்காநல்லூர் வரை ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவர வேண்டும். வந்ததும் சுருக்காக முடித்தாக வேண்டும். காற்றில் குளிரும் இன்ஜின். நின்ற இடத்தில் ரொம்ப நேரம் ஓடினால் சூடேறிவிடும், சொன்ன பேச்சு கேட்காது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தெருவே வாசலுக்கு வருகிறது. இரண்டு சைலன்ஸருக்குப் பின்னாலும் உள்ளங்கையைக் காட்டி, எந்தப் பக்கம் மூச்சு பலமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னங்க, குளுருதுங்களா?" என்று ஒரு குரல். நிமிர்வதற்குள் வலது கை போயிருக்கும். அவர்களுக்கு ஐட்லிங் என்பது ஒரு குறை. வண்டி அமைதியாக நின்ற இடத்தில் தாளம் பிசகாமல் ஓடினால், ஏதோ நோய் என்று நினைத்து உடனே ரேஸ் கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அது வருவதற்குத்தான் காலையிலிருந்து முதுகொடிய உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஐட்லிங் நிலைத்ததும் ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது வேகம் ஏறினால் கேபிள் எங்கேயோ இழுபடுகிறது என்று அர்த்தம். ஆயில் பம்பின் குறி நேராக நிற்கிறதா என்பதும் முக்கியம். அட்ஜஸ்டரைத் தொட்ட பிறகு பலர் இதை மறந்துவிடுவார்கள். பிறகு அந்தக் கடைசி வேலை. அதற்கு ஓர் அமைதி வேண்டும்.

அந்த அமைதிக்காக இந்த வாரம் ஓர் ஏற்பாடு செய்தேன். கைப்பிடிக்கு உள்ளே இருக்கும் இரண்டு திருகாணியைக் கழற்றி, கேபிளின் முனையை விடுவித்து, மூடிவிட்டேன். ஓட்ட வேண்டுமென்றால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இனி யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கட்டும், ஸ்லைடு அசையாது. முதல் நாளே பலன். இஸ்திரிக்காரர் துணி கொடுக்க வந்தார். கை போனது. கைப்பிடி தன்பாட்டுக்குச் சுற்றியது. மறுபடி சுற்றினார். முகம் மாறியது. தலையசைப்பு இல்லை, "ம்ம்" இல்லை. துணி மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"சார், வயர் அறுந்துபோச்சுங்க. நல்லவேளை, நான் முறுக்கிப் பார்த்தேன்."