வீட்டில ஒரு எஞ்சினியர் இருக்கேக்க

ஓம் தம்பி, பெரியப்பாதான் கதைக்கிறன். நீ அனுப்பின படம் கிடைச்சுது. விடியக்காலமை ஐஞ்சே முக்காலுக்கு ஃபோன் கிணுகிணுத்தால், ஊரில ஆருக்கோ ஏதோ நடந்திட்டுதெண்டுதான் இந்த வயசில நினைப்பு ஓடும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பாத்தால், ஒரு எழுத்து, பக்கத்தில இலக்கம். வேற ஒண்டும் இல்லை. பெரியம்மா எட்டிப் பாத்திட்டு, "பெடியன் லொத்தர் இலக்கம் அனுப்பியிருக்கிறானோ?" எண்டு கேட்டா.

பொயிலர் நிண்டுட்டுது. அதுதானே சங்கதி?

உன்ர வீட்டில உப்பிடி ஒரு பிரச்சினை வராதெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன். வீட்டிலயே ஒரு எஞ்சினியர் இருக்கிறார். உனக்குப் பொம்பிளை பேசேக்க 'எஞ்சினியர்' எண்ட சொல்லைச் சத்தமாவும், 'கொம்பியூட்டர்' எண்ட சொல்லை மெதுவாவும் சொன்னனான். இந்த நாட்டில பார், பொயிலர் திருத்த வாறவனுக்கும் எஞ்சினியர் எண்டுதான் பேர். அவன் உன்னை மாதிரிக் கம்பஸ் போனவனில்லை. ஆனால் அவன் தொட்டால் சுடுதண்ணி வரும். உன்ர மாமியாருக்கு இந்த வித்தியாசம் இண்டைக்குக் காலமை குளிக்கப் போகேக்கதான் விளங்கியிருக்கும்.

சரி, இலக்கத்தை அனுப்பினனீ, என்ன கொம்பனிப் பொயிலர் எண்டு அனுப்பினனீயே? நட்சத்திரம் சொல்லாமல் சாத்திரியாரிட்டப் பலன் கேட்ட மாதிரியெல்லோ கிடக்கு. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு பாஷை. உள்ளுக்குத் தண்ணி அமுக்கம் குறைஞ்சு போச்செண்டதை வைலன்ற் எஃப் 22 எண்டு சொல்லும், பக்சி ஈ 119 எண்டு சொல்லும், ஐடியல் லொஜிக் எஃப் 1 எண்டு சொல்லும். பக்கத்து வீட்டுக்காரன் தன்ர எஃப் 1க்குச் செய்த வைத்தியத்தை நீ உன்ர எஃப் 1க்குச் செய்யப் போனால் என்ன நடக்குமோ தெரியாது. பொயிலரோட தந்த புத்தகத்தை எடு. குடிபுகேக்க பால் காய்ச்சினனீங்கள், பொயிலருக்கும் சந்தனப் பொட்டு வைச்சனீங்கள், நானும் பாத்தனான். புத்தகத்தை மட்டும் ஆரும் திறக்கேல்லை.

கிடைச்சுதோ? என்ன போட்டிருக்கு? 'சுவாலை தெரியேல்லை.' நல்லது. இப்ப நோய் என்னெண்டு கண்டுபிடிச்சிட்டதா நினைக்கிறாய், என்ன? அங்கதான் பிழைக்கிறாய்.

உந்தப் பெட்டி சரியான பயந்தாங்கொள்ளி. குளிருது எண்டு தேர்மோஸ்ரற் சொன்ன உடன அது காஸைத் திறந்து கொளுத்திறேல்லை. முதல் பம்பைச் சுத்தவிடும். பிறகு ஃபானைச் சுத்தவிட்டு உள்ளுக்கு இருக்கிற காத்தை வெளியால தள்ளும். பேந்துதான் பொறி தட்டி, காஸைத் திறக்கும். திறந்த கையோட சுவாலைக்குள்ள ஒரு சின்னக் கம்பியை நீட்டி வைச்சு, உண்மையா நெருப்புப் பத்தினதோ எண்டு பாக்கும். நெருப்புக்குள்ளால மெல்லிய மின்சாரம் ஓடும், அது தெரியாட்டிக் காஸை உடன பூட்டிப்போடும். பத்தாத காஸ் உள்ளுக்க சேரக்கூடாதெண்ட பயம். சில தரம் முயற்சி செய்து பாத்திட்டு, எந்தப் படியில தடக்குப்பட்டதோ அந்தப் படியின்ர இலக்கத்தைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கும். ஏன் தடக்குப்பட்டதெண்டு அதுக்கே தெரியாது. வயித்துக்குத்து எண்டு அழுகிற பிள்ளையைப் பார், குத்துது எண்டது உண்மை. விளாங்காய் திண்டதாலயோ, பள்ளிக்கூடத்தில சோதினையோ, அதை நீதான் விசாரிக்க வேணும்.

கொப்பனும் உன்னை மாதிரித்தான். ஊரில வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கேக்க மண்ணெண்ணை மிசின் திடீரெண்டு நிண்டால், உடன பிளக்கைக் கழட்டுவான். பேந்து காபரேற்றரைக் கழட்டுவான். சாக்கை விரிச்சு ஒவ்வொண்டா அடுக்கி வைச்சு, பெற்றோல் விட்டுக் கழுவுவான். நான் வரம்பில குந்தியிருந்து வெத்திலை போட்டுக்கொண்டு பாத்துக்கொண்டிருப்பன். எல்லாம் கழட்டி முடிஞ்சாப் பிறகு, "தம்பி, ராங்கைத் திறந்து பாத்தனியோ?" எண்டு கேப்பன்.

இல்லை, சும்மா ஞாபகம் வந்தது. விடு.

ரீசெற் பட்டனை எத்தினை தரம் அமத்தினனீ? பதினாலோ! கெட்டிக்காரன். லிஃப்ற் வரேல்லையெண்டு பட்டனைக் குத்திற ஆக்களைக் கண்டிருக்கிறன், பொயிலரை உப்பிடிக் குத்தினவனை இண்டைக்குத்தான் காணுறன். தம்பி, ஒருக்கா அமத்து, பொறுத்துப் பார். வேணுமெண்டால் இன்னொருக்கா. அதுக்குப் பிறகும் அதே இலக்கம் வந்தால் கையை எடு. ஒவ்வொரு தரமும் அது கொஞ்சக் காஸை உள்ளுக்கு விட்டுத்தான் பத்த வைச்சுப் பாக்குது. ஸ்குரூ போட்ட முன்மூடியையும் கழட்டாதை. அது காஸ் வேலைக்குப் பதிஞ்ச ஆள் மட்டும் திறக்கிற மூடி.

தண்ணி அமுக்கம் எவ்வளவு காட்டுது? 1.3 பாரோ. சூடில்லாத நேரத்தில ஒண்டுக்கும் ஒண்டரைக்கும் இடையில நிண்டால் சரி. அப்ப இது உன்ர வருத்தமில்லை. எண்டாலும் சொல்லி வைக்கிறன், ஏனெண்டால் அடுத்த ஞாயிறு அதுக்குத்தான் படம் அனுப்புவாய். பொயிலருக்குக் கீழ வெள்ளிப் பின்னல் போட்ட ஒரு குழாய் கிடக்கும், ரெண்டு பக்கமும் திறப்பு. மெதுவாத் திறந்து, முள்ளு ஒண்டரைக்கு வந்த உடன ரெண்டையும் வடிவாப் பூட்டு. பூட்ட மறந்துபோட்டு ரீ குடிக்கப் போனால் முள்ளு 3 பாருக்கு ஏறும், காவல் வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாயால தண்ணி ஓடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து "எவ்ரிதிங் ஓகே?" எண்டு கேப்பா. எனக்கெப்பிடித் தெரியுமெண்டு கேளாதை.

வருசத்தில ஒண்டு ரெண்டு தரம், அல்லது ரேடியேற்றரில காத்து எடுத்தாப் பிறகு, தண்ணி விட்டால் பரவாயில்லை. கிழமைக்குக் கிழமை விட்டுக்கொண்டிருந்தியெண்டால் எங்கயோ ஒழுகுது. சூடேறேக்க முள்ளு மூண்டுக்குப் பாய்ஞ்சு, ஆறினாப் பிறகு பூச்சியத்துக்கு விழுந்தால், உள்ளுக்க இருக்கிற விரிவுத் தாங்கியில காத்துப் போட்டுது. ரெண்டுக்கும் ஆளைக் கூப்பிடு. கேத்தில் கொதிக்கிற மாதிரி உறுமினாலும் கூப்பிடு. லண்டன் தண்ணி எங்கட யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி மாதிரித்தான், சுண்ணாம்பு. கேத்திலுக்க வெள்ளையாப் பிடிக்கிறது பொயிலருக்க மட்டும் பிடியாதே?

வெளியில கார்க் கண்ணாடியில ஐஸ் கிடக்கோ? இல்லையோ. பொயிலருக்குள்ள கிளுகிளு எண்டு சத்தம்? அதுவும் இல்லை. சரி. 2005 சித்திரைக்குப் பிறகு இங்கிலாந்தில புதுசாப் பூட்டின காஸ் பொயிலர் எல்லாம் அநேகமாகக் கண்டென்சிங் வகைதான். புகையில இருக்கிற சூட்டையும் விடாமல் பிழிஞ்செடுக்கிற கஞ்சப் பிசினாறி. பிழியேக்க வாற தண்ணி ஒரு பிளாஸ்ரிக் பைப்பால வெளியில போகும். கடுங்குளிரில அந்த மெல்லிய பைப் உறைஞ்சால், தண்ணி திரும்பி ஏறி, பொயிலர் நெருப்புப் பத்தேல்லையெண்டுதான் சொல்லும். 2010 மார்கழியில இந்த நாடே உறைஞ்சு கிடந்தது, எங்கட பைப்பும் உறைஞ்சுது. நான் பெரிய கெட்டிக்காரன் எல்லே, கொதிக்கக் கொதிக்கக் கேத்திலோட போய் ஊத்தினன். பைப் வெடிச்சுது. ஊத்தின தண்ணி நடைபாதையில உறைஞ்சு கண்ணாடி ஆச்சு. அதில வழுக்கி விழுந்து நாலு கிழமை தலகாணிக்கு மேல குந்தியிருந்தனான். வெதுவெதுப்பான தண்ணி காணும் தம்பி, இல்லாட்டிச் சுடுதண்ணிப் போத்தலைப் பைப்பில சுத்திக் கட்டு. ஏணி வைச்சு ஏறிற உயரத்தில பைப் இருந்தால் அதையும் செய்யாதை.

இனிப் பகிடி இல்லை, வடிவாக் கேள். காஸ் மணந்தால் இலக்கத்தையும் பாக்காதை, புத்தகத்தையும் தேடாதை, எனக்குப் படமும் அனுப்பாதை. லைற் சுவிச்சைப் போடவும் கூடாது, நூக்கவும் கூடாது. யன்னலைத் திற. மீற்றரடியில இருக்கிற கைபிடியைப் பைப்புக்குக் குறுக்கால வரத் திருப்பு. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியில போய் நிண்டு 0800 111 999க்கு அடி. எந்தச் சாமத்திலயும் எடுப்பினம், காசில்லை. வந்து ஆபத்தில்லாமல் ஆக்கிவிடுவினம், பொயிலர் திருத்திறது அவையின்ர வேலையில்லை.

மணம் இல்லாத எமன் ஒருத்தனும் இருக்கிறான், காபன் மொனொக்சைட். காஸுக்கு மணத்தை வேணுமெண்டு சேர்க்கிறாங்கள், இதுக்குச் சேர்க்க ஆள் இல்லை. வீட்டில எல்லாருக்கும் தலையிடி, சத்தி வாற மாதிரிக் கிடக்கு, வெளியில போனால் சுகமாயிருக்கு. மாமியார் வந்து நிக்கிறதாலதான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திடாதை. சுவாலை நீலமா இல்லாமல் மஞ்சளா எரிஞ்சால், பொயிலரைச் சுத்திக் கரி பிடிச்சிருந்தால், உடன நிப்பாட்டிப்போட்டு வெளியில போய் அதே இலக்கத்துக்கு அடி. தலை சுத்தி மயக்கம் வந்தால் அம்புலன்ஸையும் கூப்பிடு. அலாரம் வாங்கேக்க பெட்டியில 50291 எண்ட இலக்கம் கிடக்கோ எண்டு பார். மலிவுக்கடையில வாங்கின பொம்மையைக் கொழுவிப்போட்டு நித்திரை கொள்ளாதை.

ஆளைக் கூப்பிட வேண்டி வந்தால்? எனக்குத் தெரியும், நீ உடன "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், பாதிக் காசுக்குச் செய்வார்" எண்டு தொடங்குவாய். எங்கட ஆளெண்டால் காஸ் வெடியாதோ? காஸ் சேஃப் காட் கேள். முன்னால படமும் இலக்கமும் இருக்கும். பின்னால திருப்பிப் பார், என்னென்ன வேலை செய்யலாமெண்டு அங்கதான் கிடக்கும். அடுப்புப் பூட்ட மட்டும் படிச்சவன் பொயிலரைத் திறக்கக்கூடாது. முந்தி இந்தப் பதிவுக்குக் கோர்கி எண்டு பேர், 2009 சித்திரையில மாத்தினவங்கள். இண்டைக்கும் ஒருத்தன் கோர்கி ஸ்ரிக்கர் ஒட்டின வானில வந்தால், தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடு. வந்தவனுக்கு "வேலை செய்யேல்லை" எண்டு மட்டும் சொல்லாதை. என்ன இலக்கம், எப்ப வந்தது, சுடுதண்ணி திறக்கேக்கயோ ரேடியேற்றர் சூடாகேக்கயோ, முள்ளு எங்க நிண்டது எண்டு சொல்லு. அவன் கழட்டிற நேரம் குறையும், உன்ர காசும் குறையும். மேல் அறையை ஆருக்கேன் வாடகைக்கு விட்டியெண்டால், வருசத்துக்கொருக்காப் பதிஞ்ச ஆளைக் கொண்டு சோதிக்கிறது சட்டம்.

இப்ப ஆளைக் கூப்பிடப் போறியோ? பொறு. அடுப்பு எரியுதோ? ஓ, உன்ர அடுப்புக் கரண்டில எல்லே. அப்ப வீட்டில காஸ் குடிக்கிறது பொயிலர் மட்டும்தான்.

சரி, படிக்குக் கீழ இருக்கிற அலுமாரியைத் திற. சப்பாத்துப் பெட்டியளைத் தள்ளு. காஸ் மீற்றர் தெரியுதோ? பக்கத்தில காட் போடுற ஒரு துவாரம் இருக்கும். முந்தின வீட்டுக்காரன் காசு கட்டிக் காஸ் வாங்கின மீற்றர் அது. திரையில என்ன போட்டிருக்கு?

...

பூச்சியமோ.

ஓம், நீ வீடு பாக்கப் போன அண்டைக்கே நான் கண்டனான். பின்ன ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேக்கிறியோ? முதலே சொல்லியிருந்தால் ஃபோனை வைச்சிட்டுப் போயிருப்பாயெல்லே. காட்டை எடுத்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போய்க் காசு போடு. வந்து மீற்றரில செருகிப்போட்டு, ரீசெற்றை ஒருக்கா அமத்து. பதினாலு தரம் வேண்டாம். கடையில முருங்கைக்காய் நல்லதாக் கிடந்தால் பெரியம்மாவுக்கு அரைக் கிலோ வாங்கு, மத்தியானம் அந்தப் பக்கம் வருவன்.