கடாரம் கொண்டானுக்கு வேட்டி: பொம்மைத் தையலியல் குறித்து ஓர் ஆய்வு

பொம்மைக்குச் சரித்திர உடை தைக்கும் கலையைப் பண்டிதர்கள் சீண்டாமல் விட்டதால், நவராத்திரி வரும்போதெல்லாம் மலேசியாவின் பட்டர்வொர்த் கொலுவீடுகளில் நேரும் குழப்பம் சொல்லி மாளாது. அதைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டர்வொர்த்துக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1800-இல் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போகும்வரை இந்தக் கரை கெடா சுல்தானுடையது. கெடாவோ, 1025-இல் ராஜேந்திர சோழன் படை வந்திறங்கிய கடாரம். ஆகவே அவரைக் கொலுப்படியில் ஏற்றும் உரிமையில் தஞ்சாவூருக்கு அடுத்த இடம் எங்களுக்கே. ஊருக்குப் பெயர் கொடுத்த ஆளுநர் பட்டர்வொர்த் (1843–1855) விக்டோரியா காலத்தவர். அந்த அம்மையார் சிறுமியாக இருந்தபோது 132 மரப்பொம்மைகள் வைத்திருந்து, 32-க்குத் தம் கையாலேயே உடை தைத்தவர். (பக்கத்தில் பிறையில் பார்பி கம்பெனியான மேட்டலின் ஆலை இருக்கிறதே என்பார்கள். அங்கே உருவாவது ஹாட் வீல்ஸ் கார்கள். காருக்குக் கொசுவம் தேவையில்லை.)

முதல் சிக்கல் அளவு. அரசியாக நிற்கும் பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம், அதாவது மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் சேலையை ஆறால் வகுத்தால் 92 சென்டிமீட்டர், கணக்கு முடிந்தது. ஆனால் துணியின் தடிமனை எந்தக் கத்தரிக்கோலும் வகுக்காது. நம் இடுப்பில் வழுக்கி விழும் கொசுவம் பார்பியின் இடுப்பில் ஆறு மடங்கு கனத்து, வயிற்றில் தலையணை கட்டியதுபோல் நிற்கும். காஞ்சிப்பட்டின் கரையோ பொம்மையின் முழங்காலையே தாண்டிவிடும். துவைத்துத் துவைத்து நைந்த எட்டு முழ வேட்டியும் மல் துணியும்தான் தகும். மடிப்பு மூன்றுக்கு மேல் ஆகாது. அதையும் ஈரத்தோடு மடித்து, நூலால் இறுக்கிக் கட்டி, காயவைத்துத்தான் அவிழ்க்க வேண்டும். தானாகத் தொங்கும் அளவுக்கு அந்தத் துண்டுக்கு எடை போதாது. ஜரிகைக்கு ஃபெரி ஏறி, பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஆக ஒடுங்கிய லேஸாகப் பார்த்து வாங்குவது மரபு.

இரண்டாம் சிக்கல் இதைவிடக் கொடியது: தைப்பதற்கு ஒன்றுமே இல்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இடுப்புக்கு மேலே இருப்பது பெரும்பாலும் நகைதான். வாஷிங்டனின் ஃப்ரீர் காட்சியகத்தில், செம்பியன் மாதேவி என்று கருதப்படும் சிலையிலும் அப்படியே. காலத்தில் எவ்வளவு பின்னே போகிறோமோ, அவ்வளவுக்கு ஊசிக்கு வேலை குறைகிறது. வரலாற்றுக்கு உண்மையாக இருந்தால் தையல் மிஷினுக்கு உறை போட வேண்டியதுதான். ஆனால் அப்படிப்பட்ட அரசியைச் சுண்டல் வாங்க வரும் அத்தைகள் முன் நிறுத்த முடியுமா? களஆய்வில் அத்தைகள் ஒருமனதாக ரவிக்கையை ஆதரித்தனர். கை முட்டிவரையா, தோளோடா என்பதில்தான் இரு பள்ளிகள் உண்டு. அரசரின் மார்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மரப்பாச்சி மரபினர் இந்தச் சங்கடத்தில் மாட்டியதே இல்லை. செம்மர ஜோடிக்குத் துண்டுத்துணியைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டால் கல்யாணக் கோலம். பார்பியோ பிறவியிலேயே குதிகால் தூக்கி நிற்பவள். சோழமாதேவி ஹை ஹீல்ஸில் நிற்பதை மறைக்க, சேலையை அரை அங்குலம் இறக்கிக் கட்டுவதே பரிகாரம்.

ராஜேந்திரராக நிற்கும் கென்னுக்குப் பஞ்சகச்சம் கட்டுவது அடுத்த சோதனை. கால் இடுக்கில் விரல் நுழையாது. எனவே முன்கொசுவத்தை நிரந்தரமாகத் தைத்து, பின்கச்சத்தைத் தனியாக இணைத்து, இடுப்பில் வெல்க்ரோ வைக்க வேண்டும். வெல்க்ரோ 1955-இல் காப்புரிமை பெற்றது. 930 ஆண்டுக் காலவழு என்று ஆட்சேபிப்பார்கள். உயிருள்ள மாப்பிள்ளைகளே ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியில் தாலி கட்டும் நாளில் அந்த ஆட்சேபம் நிற்காது.

எஞ்சியிருப்பவர் தோற்ற கடாரத்தரசர் சங்கிராம விசயோத்துங்கவர்மர். யானைகளோடு பிடிபட்டார் என்று சோழர் மெய்க்கீர்த்தி சொல்வதால், அவரும் படியில் இருந்தாக வேண்டும். யானைக்கு நெற்றிப்பட்டம் தைத்தாயிற்று. அரசருக்குத் தைக்கத்தான் தமிழ்க் கை எதுவும் நீளவில்லை. கடைசியில் அடுத்த வீட்டு மக்சிக் (மலாய் அத்தை), கெடாவில் பிறந்தவர், அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பாஜு மெலாயு, இடுப்பில் சொங்கெட், தலைப்பாகை என்று திட்டம் பெரிது. காலவழு பற்றி அவரிடம் பேச எனக்குத் துணிவில்லை. ஆக, இந்த வருஷம் எங்கள் படியில் முழுசாக உடுத்திக்கொண்டு நிற்கப்போகும் அரசர் தோற்றவர் ஒருவர்தான்.