அட்டை டாக்டர்

ரத்தம் உறிஞ்சும் அட்டை இல்லை. அந்தப் பழி இவருக்கு வேண்டாம். கொடுத்ததை எண்ணாமல் வாங்கிப் பையில் திணித்துக்கொள்கிற மனுஷர். இது மருந்து டப்பாவைக் கிழித்தால் வருமே, அந்த அட்டை. எங்கள் மாட்டு டாக்டருக்கு நோட்டு, லெட்ஜர், கம்ப்யூட்டர் எல்லாம் அதுதான்.

வருஷம் பிறந்தால் மருந்து கம்பெனிக்காரர்கள் டைரி டைரியாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவற்றில் டாக்டர் வீட்டம்மா சீட்டுக் கணக்கு எழுதுகிறார், காலணா பிசகாது. டாக்டரோ சினை ஊசி போட்டு, கையுறையைக் கழற்றியதும் கால்சியம் டப்பாவின் மூடியைப் பிய்ப்பார். "பேனா இருக்குதுங்களா?" தேதி, காளை எண் எழுதியதும் அட்டை சட்டைப்பைக்குள் போகும். அப்புறம் அதன் தலைவிதி. ஒன்று ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. இன்னொன்றில் அவர் வண்டிக்கு ஆயில் மாற்றிய கணக்கு. திருப்பினால் என் செவலை.

தேதி தெரிந்தால்தானே 21ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்கலாம்? 280 நாளை எண்ணி, கடைசி 2 மாதம் பாலை வற்றவிடலாம்? கேட்டால், "ஞாபகம் இருக்குதுங்க. உங்க பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் காயில் புகைஞ்ச அன்னிக்குத்தானுங்களே?" காயில் கட்டும் கடைக்குப் போய்த் தேதி பார்த்துவந்தேன். அவன் பில் புத்தகம் வைத்திருக்கிறான்.

ஞாபகசக்தியில் குறை சொல்ல முடியாது. எந்த மாட்டின் பாட்டி யார் கல்யாணச் சீரில் வந்தது, எது எந்தக் காலால் உதைக்கும், எல்லாம் விரல்நுனியில். காளை எண் மட்டும் வராது. அப்பன் காளையையே மகளுக்கும் போட்டுவிட்டால்? "அப்படியெல்லாம் ஆகாதுங்க." காதில் மஞ்சள் தோடு மாதிரி மாட்டியிருக்கும் 12 இலக்க எண்ணையும் அட்டையில்தான் எழுதினார். கிழிசலோடு 2 இலக்கம் போயிற்று.

இதுவரை சிரித்தாயிற்று. போன ஆடியில் எங்கள் நாய் ஒரு பையனைக் கடித்துவிட்டது. வெறிநாய் ஊசி போட்டிருக்கிறதா, சீட்டு எங்கே என்று அவன் அம்மா வாசலில் வந்து நின்றாள். டாக்டருக்குப் போன் போட்டேன். "போட்டேனுங்க, நல்லா ஞாபகம் இருக்குது. அன்னிக்கு மழை." அவளிடம் மழையையா எடுத்துக் காட்டுவது? பையனுக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி எப்படியும் போட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் 10 நாள் அந்தத் தாய் காலையும் மாலையும் வந்து எங்கள் நாயின் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள். தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் ராத்திரி 2 மணிக்குச் செவலை முக்கத் தொடங்கியது. கன்று தலை திரும்பிக் கிடந்தது. போன் அடித்த கால் மணியில் லுங்கியோடு வந்து நின்றார். தோள்வரை கையை விட்டு, ஒன்றரை மணி நேரம் போராடி, கன்றை வெளியே எடுத்து, வைக்கோலால் தேய்த்துத் தேய்த்து மூச்சு வரவழைத்தார். கெடேரி. காப்பியைக் குடித்துவிட்டு டப்பாவுக்குக் கண்ணை ஓட்டினார். இதற்கென்றே வாங்கி வைத்திருந்த புது நோட்டை நீட்டினேன். தடவிப் பார்த்தார். "நல்ல கனமான அட்டைங்க" என்று மேலட்டையைக் கிழித்துத் தேதி எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பேனாவைக் கொடுக்கவில்லை.