தொய்வின்றி நடக்கிறது

உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்று புதுச்சேரியில் யார் கேட்டாலும், எந்த ஆட்சியில் கேட்டாலும், சுற்றிவளைத்து வந்து சேரும் பதிலின் சாரம் ஒன்றுதான்: கொம்யூன் பஞ்சாயத்துகளில் பணிகள் தொய்வின்றி நடந்து வருகின்றன.

பதில் பொய்யில்லை. வயிற்றெரிச்சலே அதில்தான் இருக்கிறது. கொம்யூன் என்றால் பல கிராமங்களின் தொகுப்பு. வில்லியனூர் கொம்யூனில் வீட்டு வரிக்கு ரசீது கிழிக்காத ஆண்டு கிடையாது. பாகூரில் டெண்டர் விடாத ஆண்டு கிடையாது. பிறப்புச் சான்று கொடுக்கிறார்கள், இறப்புச் சான்று கொடுக்கிறார்கள், நடுவில் ஒருவன் உயிரோடிருக்கும் காலத்துக்கு வரி வாங்கிக்கொள்கிறார்கள். கொம்யூன் ஆணையர் மாறுவார், அடுத்த ஆணையர் வருவார், கோப்பு மேசைக்கு மேசை நகரும். எதுவும் நிற்கவில்லை. அந்த அலுவலகத்தை நடத்த நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை, அவ்வளவுதான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் 1968-ல் நகரசபைத் தேர்தல் நடந்தது, அதுவும் பிரெஞ்சுக்காரன் 1880-ல் போட்டுவைத்த ஆணைப்படி. காலனிக்காரன் சட்டம் நமக்கு எதற்கு என்று 1973-ல் சொந்தமாகக் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் கொண்டுவந்தோம். அந்தச் சொந்தச் சட்டப்படி முதல் தேர்தல் நடந்தது 2006-ல். 2011 ஜூலையில் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு, இதை எழுதும் வரை, ஒன்றுமில்லை. 1968-ல் 20 வயதாக இருந்து, ஓட்டுப்போடும் வயது வராமல் அந்தத் தேர்தலைக் கோட்டைவிட்ட ஒருவர், தன் ஊர்ப் பஞ்சாயத்துக்கு முதல் ஓட்டைப் போட்டது 58 வயதில். 5 நகராட்சி, 10 கொம்யூன், அவற்றுக்குள் கிராமப் பஞ்சாயத்துகள் என்று பலகைகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன.

12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் ஒரு சக்கரத்தை விவரித்து எழுதினார். ஆரங்களில் பாதரசம் நிரப்பினால் யாரும் தள்ளாமலே சுற்றிக்கொண்டிருக்குமாம். ஐரோப்பாவிலும் பல பேர் இந்த ஆசையில் தலைமுறை தலைமுறையாகத் தச்சு வேலை பார்த்தார்கள். எரிபொருள் இல்லாமல் எந்த இயந்திரமும் ஓயாமல் ஓடாது என்று கடைசியில் இயற்பியல் கதவைச் சாத்திவிட்டது. பாவம், அந்த இயற்பியலாளர்கள் புதுச்சேரிக்கு வந்து பார்க்கவில்லை. தேர்தலைத் தள்ளிப்போடும் சக்கரம் இங்கே அரை நூற்றாண்டாக எண்ணெய்கூட விடாமல் சுற்றுகிறது.

அதன் வேலைப்பாட்டைப் பாருங்கள். வார்டு எல்லை வரையறுக்க வேண்டும் என்பார்கள். வரையறுத்தால் வழக்கு. 2018-ல் உச்ச நீதிமன்றமே தேர்தலை நடத்துங்கள் என்றது. நடத்தலாம், ஆனால் மாநிலத் தேர்தல் ஆணையரை யார் நியமிப்பது? துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் முதல்வர் நாராயணசாமி அரசும் அந்த ஒரு நாற்காலிக்கு ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். சண்டை தீர்ந்து ஆணையர் உட்கார்ந்து, 2021 செப்டம்பரில் மூன்று கட்டமாகத் தேர்தல் என்று தேதியே அறிவித்தார். இடஒதுக்கீட்டில் குளறுபடி, உயர் நீதிமன்றம், அறிவிப்பு வாபஸ், புதுத் தேதி, பந்த், மறுபடி நிறுத்தம். பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர் என்று பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம். ஆணையம் முடித்தால் கணக்கு பழசாகியிருக்கும். புதுக் கணக்கு வந்தால் எல்லை வரையறுக்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்று முடித்தது.

இடஒதுக்கீடு வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் இடஒதுக்கீட்டைக் காப்பாற்றத்தான் தேர்தலை நிறுத்தினோம் என்று கொஞ்சமும் கூசாமல் சொல்கிறார்களே, அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. தேர்தல் இல்லாத 2011 முதல் யாருடைய நாற்காலி போயிற்று? மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு என்று அரசியல் சாசனம் ஒதுக்கிய நாற்காலி போயிற்று. சேரியிலிருந்து ஒருத்தி கொம்யூன் சேர்மனாக வந்து உட்கார்ந்திருக்கக் கூடிய நாற்காலி போயிற்று. பத்து இடத்தில் ஒன்றா இரண்டா என்று வழக்காடி, பத்தையும் அதிகாரிகளுக்கு எழுதிக்கொடுத்ததற்குப் பெயர் சமூகநீதியாம்!

பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்தாக வேண்டும் என்கிறது சாசனத்தின் 243-இ பிரிவு. அந்த அவசரமெல்லாம் இங்கே நியமனத்துக்குத்தான். 2021 மே 2-ல் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்தது. ஓட்டு வாங்காத மூன்று நியமன எம்எல்ஏக்களின் பெயர் டெல்லியிலிருந்து வந்து இறங்கப் பத்து நாள்கூட ஆகவில்லை. வேகம் இல்லாத நிர்வாகம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வார்டு மெம்பர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது: குடி முழுகியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த கையோடு, சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் ஏறியது. அந்த மாதிரி ராத்திரியில் ஊருக்கு வேண்டியது அறிவாளி இல்லை. எந்தத் தெருவில் நடக்க முடியாத கிழவி தனியாகப் படுத்திருக்கிறாள், எந்த மதகுக் கதவு துருப்பிடித்து இறங்காது, பள்ளிக்கூடச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று தெரிந்த ஆள் வேண்டும். விடிந்ததும் வாசலில் நின்று, "ஏம்பா, ஓட்டு கேக்க மட்டும் வந்தியே?" என்று கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். மெம்பர் என்பவர் நாங்கள் திட்டுவதற்கென்று சட்டம் கொடுத்த மனிதர். ஆணையரைத் திட்ட முடியாது. மனு கொடுக்கலாம். மனுவும் தொய்வின்றி நகரும்.

இந்தக் கூத்தெல்லாம் எந்த மண்ணில் நடக்கிறது தெரியுமா? வில்லியனூர்ப் பக்கம் கீழூர் என்று ஓர் ஊர். 1954 அக்டோபர் 18-ல் அங்கேதான் இந்தியாவோடு இணைவதா வேண்டாமா என்று ஓட்டெடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர்: பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும், கொம்யூன் நகரசபை உறுப்பினர்களும். 170 பேர் சரி என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். ஊர்களில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருந்ததால்தான் அந்த வாக்கெடுப்பே கூடியது. இன்று பிரான்சே மனம் மாறித் திரும்பி வந்து மறுபடி ஒருமுறை கேட்போம் என்றால், கீழூரிலிருந்து கைதூக்க ஒரு மெம்பர் இல்லை. ஆண்டுதோறும் சட்டபூர்வ இணைப்பு நாளான ஆகஸ்ட் 16-ல் அதே கீழூர் நினைவிடத்துக்குக் கார்கள் வரிசையாக வருகின்றன. கொடியேற்றம், மரியாதை, தியாகிகளுக்குச் சால்வை. அதிலும் தொய்வில்லை.

மரியாதை முடிந்து ஊருக்குத் திரும்பும் அதே பெரியவர்கள், மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு அதிகாரம் இல்லையே என்று கண்ணைக் கசக்குகிறார்கள். நியமித்து அனுப்பிய ஒருவர் மேலே உட்கார்ந்துகொண்டு கோப்பைத் திருப்பி அனுப்புகிறாராம். எதற்கெடுத்தாலும் டெல்லியில் கையேந்த வேண்டியிருக்கிறதாம். மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டப்பேரவையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டாயிற்று. நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிக்கிறேன். அடுத்த தீர்மானத்தை எழுதும்போது மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள் ஐயா. டெல்லி என்று வரும் இடத்தில் புதுச்சேரி அரசு என்றும், துணைநிலை ஆளுநர் என்று வரும் இடத்தில் ஆணையர் என்றும், புதுச்சேரி மக்கள் என்று வரும் இடத்தில் பாகூர், வில்லியனூர் மக்கள் என்றும் மாற்றிப் போட்டு ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். வேறு எதையும் திருத்த வேண்டியிருக்காது. கீழே எங்கள் சார்பில் கையெழுத்துப் போடத்தான் ஆள் கிடையாது.