கோயிலா, சந்தையா?

கேள்வி: கியோட்டோ அருகே மலைக்கோயில்களில் குண்டூசி விழுந்தாலும் கேட்குமாம். நம் பினாங்கு கெக் லோக் சீயில் சட்டைக் கடைகளைத் தாண்டித்தான் புத்தரைப் பார்க்க முடிகிறது. இது கோயிலா, சந்தையா? – வாசகர், நிபோங் திபால்

பதில்: இரண்டும்தான், அதில் குறையொன்றும் இல்லை. கியோட்டோவை ஒட்டிய ஹியே மலையில் 788-இல் துறவி சைச்சோ நிறுவிய என்ரியாகுஜி கோயில் இன்று அமைதியானதுதான். ஆனால் அங்கே துறவிகள் ஆயுதமேந்திப் படை நடத்திய காலமும் உண்டு. தன் எதிரிகளோடு அவர்கள் சேர்ந்ததற்காக 1571-இல் போர்த்தலைவர் ஓடா நொபுனாகா அந்த மலையையே கொளுத்தினார். ஆக, மலை தானாக மௌனம் தருவதில்லை. கெக் லோக் சீயோ 1890-களில் பினாங்குச் சீன வணிகர்களின் கொடையில் எழுந்தது. கடைத்தெருக் காசில் வளர்ந்த கோயில் கடையைக் கண்டு முகம் சுளிக்குமா? 1930-இல் முடிந்த அதன் ஏழடுக்குக் கோபுரத்தைப் பாருங்கள்: அடியில் சீனம், நடுவில் சயாம், உச்சியில் பர்மா. நாலு நாட்டாரும் வந்துபோகும் இரைச்சலான துறைமுகத்துக்குத்தான் இப்படி அடுக்கத் தோன்றும் (அழகு என்று சத்தியம் செய்ய மாட்டேன்).

வியாபாரம் பக்தியைக் கெடுக்காதா என்பீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் வழியெங்கும் பந்தலும் பாட்டும் கூட்டமுமாக இருப்பதால் காவடியின் பக்தி குறைந்ததென்று நாம் சொல்வதில்லையே. சீனர் கோயிலுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்? படியேற முடியாத முதியவர்களின் சிரமத்தைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். அமைதிதான் வேண்டுமென்றால் வார நாளில், காலையிலேயே போங்கள். சீனப் புத்தாண்டு விளக்கலங்கார இரவில் போய்விட்டு எனக்கு எழுதாதீர்கள்.