மேலிடத்துக் கணக்குப்பிள்ளை

காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில், நம் பாவ புண்ணியக் கணக்கை எழுதும் சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் உண்டு. கையில் எழுத்தாணியும் ஏடுமாக உட்கார்ந்திருக்கிறார். சித்ரா பௌர்ணமியன்று வீடுகளிலும் அவருக்கு நோட்டு, பேனா வைத்துப் படைப்பார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. மலையளவு பாவத்தைக் கடுகளவாகவும், கடுகளவு புண்ணியத்தை மலையளவாகவும் எழுதிக்கொள்ளச் சொல்லி வேண்டுதல் வேறு! பூலோகத்தில் ஓர் ஆடிட்டர் இப்படி எழுதினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

கிரேக்கத்துத் தத்துவஞானி எபிகூரஸோ பேரேட்டையே மூடிவிட்டார். செத்தபின் நாமே இல்லை, அப்புறம் யாரிடம் வசூல் என்பது அவர் கட்சி. நியாயமான பேச்சுதான். ஆனால் கைமாற்று வாங்கித் திருப்பித் தராமலே போய்ச்சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே தப்பித்துவிடுவாரே? அவருக்காகவாவது எண்ணெய்க் கொப்பரையைச் சூடாக வைத்திருக்க வேண்டாமா?